படிக்காமல் ஜெயித்தவர்கள் கட்டிய பள்ளிக்கூடம்

வைகாசி முகூர்த்தத்தில் பொங்கலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெத்தலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொந்தத்தில் மச்சான் முறை ஆகிற ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு நாலு ஏக்கர் தோட்டம், ஒரு கிணறு. பி.ஏ.பி. வாய்க்காலில் முறை வந்தால் கொஞ்சம் தண்ணி. பையன் பன்னிரண்டாவது முடித்திருக்கிறான்.

"ஏனுங் மாமா, பையன இஞ்சினியரிங் சேர்க்கோணும்னா ஒன்றரை ஏக்கர் வித்தாத்தான் ஆகும் போல இருக்குதுங்க. வித்துப் படிக்க வெக்கறதா, இல்ல நிறுத்திப்போட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிக்கறதா? நீங்க என்ன சொல்றீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் எதிரில் இருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். "படிச்சு என்னங்க ஆகப் போகுது? படிச்சவன் மாசச் சம்பளத்துக்குக் கை கட்டி நிக்கறான். அவனுக்குச் சம்பளம் குடுக்கற திருப்பூர் முதலாளி எட்டாவது தாண்டாதவன்." சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை. எனக்கும் அன்றைக்குச் சொல்ல வரவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடத்தில் கோட்டடித்தவன். படிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர் சொன்னது பொய் இல்லை. நம்ம கொங்கு மண்ணில் பள்ளிக்கூடத்தை நம்பாமல் பெரிய ஆள் ஆனவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அதில் முதல் பேர் ஜி.டி. நாயுடு. சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, அதை வாங்குவதற்காகவே கோயமுத்தூரில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கிய வண்டியில் ஊர் சுற்றவில்லை. ஒவ்வொரு நட்டாகக் கழட்டிப் பார்த்து, திருப்பி மாட்டி, எந்திரம் எப்படி ஓடுகிறது என்று கத்துக்கொண்டார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்தார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின் மோட்டாரைத் தயாரித்தார். இன்றைக்கு நம்ம கிணற்றில் ஓடுகிற மோட்டாருக்கெல்லாம் மூத்தது அதுதான்.

இந்தக் கதையை எல்லோரும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். "பாத்தீங்களா, மூணாவதுதான் படிச்சாரு" என்று முடித்துவிடுகிறோம். அதற்கப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். சம்பாதித்த நாயுடு அந்தக் காசில் என்ன செய்தார்? கோயமுத்தூரில் தொழிற்கல்விக்கு இடம் ஏற்படுத்தினார். அன்றைய சென்னை மாகாண கவர்னர் பேரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. அந்தக் கல்லூரிதான் பின்னால் தடாகம் ரோட்டில் இருக்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. மூன்றாவது படித்த மனுஷன் 1945-ல் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். நாலு வருஷப் படிப்பை ரெண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுக்கலாம், பிள்ளைகளின் காலத்தை வீணாக்க வேண்டாம் என்று அரசாங்கத்தோடு வாதாடினார். அவர்கள் ஒத்துக்கொள்ளாததால் பதவியை விட்டு விலகினார். அவருடைய சண்டை படிப்பே வேண்டாம் என்பதற்காக இல்லை. காலத்தை விரயம் பண்ணுகிற படிப்பு வேண்டாம் என்பதற்காக.

இதே மாதிரி இன்னும் இருக்கிறது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தில் 1926-ல் நாலு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது சொத்தை ஐந்தாகப் போட்டார்கள். ஐந்தாவது பாகம் தர்மத்துக்கு. அதிலிருந்துதான் அந்தக் கல்வி நிறுவனங்கள் எல்லாம் வளர்ந்தன. திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்கள் 1997-ல் சேர்ந்து நிஃப்ட்-டீ என்று பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட காமராஜர் முதலமைச்சராக இருந்து ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடம் திறந்தது உங்களுக்கே தெரியும். காசு வந்ததும், அதிகாரம் வந்ததும் இவர்கள் கை போன இடம் பள்ளிக்கூடம். படிக்காமல் ஜெயித்தவர்கள் தங்கள் பிள்ளைகளை என்ன செய்தார்கள் என்பதையும் கல்யாண வீட்டில் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர்கூட "எம் மவன் எட்டாவது போதும்" என்று நிறுத்தியதாக நான் பார்க்கவில்லை.

அப்படியானால் திருப்பூர் முதல் தலைமுறை எப்படி ஜெயித்தது? இதை ஆராய்ந்து ஷரத் சாரி என்பவர் 2004-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனிகளில் தொழிலாளியாக நுழைந்து முதலாளி ஆன கவுண்டர் குடும்பத்து ஆட்களோடு பேசிப் பழகி எழுதியது. எப்படி மேலே வந்தீர்கள் என்றால் எல்லோரும் சொன்ன பதில் "உழைப்பு". அது நிஜம்தான். ராத்திரி பகல் பார்க்காமல் மெஷின் பக்கத்திலேயே படுத்து எழுந்தவர்கள் அவர்கள். ஆனால் அதே உழைப்பை உழைத்த எல்லோரும் முதலாளி ஆகவில்லை என்பதையும் அந்தப் புத்தகம் காட்டுகிறது. ஆனவர்களுக்குப் பின்னால் பங்காளி, மாமன், மச்சான் என்று கூட்டுச் சேர ஆள் இருந்தது. வாய் வார்த்தையில் நூலும் துணியும் கடன் கொடுக்க ஆள் இருந்தது. ஊரில் கொஞ்சமாவது காடு இருந்தது. அதே கம்பெனியில் அதே மாதிரி உழைத்த பெண்களுக்கும், தலித் தொழிலாளர்களுக்கும் அந்த வழி திறக்கவில்லை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். ஆனாலும் நம்ம பத்திரிகையில் நாம் பேசாமல் வேறு யார் பேசுவது? நம்ம தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த அருந்ததியர் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கையகல நிலம் கிடையாது. கடைக்காரர் கடன் கொடுக்க மாட்டார். கூட்டுச் சேர எந்தக் கம்பெனியிலும் மாமன் மச்சான் கிடையாது. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குத் "படிக்காமலே பணக்காரன் ஆகலாம் கண்ணு" என்று யாராவது சொன்னால், அதைவிடப் பெரிய ஏமாற்று இருக்க முடியுமா? அந்தப் பிள்ளை வாத்தியாராகவோ, நர்ஸாகவோ, கிராம நிர்வாக அலுவலராகவோ வந்தது படிப்பினால். 2009-ல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்ததற்கும் பலன் படித்திருந்தால்தான். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சிரித்துப் பேச முடிகிறவர் காலுக்குக் கீழே ஏற்கனவே நிலம் இருக்கிறது. அந்தப் பெரியவருக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான்.

இப்போது காசுக் கணக்கைப் பார்ப்போம். உலகம் பூராவும் உள்ள ஆய்வுகளைச் சேர்த்து சாகரோபூலஸ், பாட்ரினோஸ் என்ற ரெண்டு பேர் 2018-ல் உலக வங்கிக்காகக் கணக்குப் போட்டார்கள். ஒரு வருஷம் கூடுதலாகப் படித்தால் சம்பாத்தியம் சராசரியாக 9 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் முடிவு. இது சம்பாத்தியத்துக்கான கணக்கு. சொத்து சேருவது வேறு. மாசம் முப்பதாயிரம் வாங்குகிறவர் சொந்தமாகத் தொழில் செய்கிறவர் மாதிரி சொத்து சேர்க்க முடியாது என்று பெரியவர் சொன்னால், அந்த மட்டுக்கு அவர் பேச்சு சரி.

விவசாயிக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. ஆண்ட்ரூ ஃபாஸ்டர், மார்க் ரோசன்ஸ்வைக் என்ற பொருளாதார நிபுணர்கள், பசுமைப் புரட்சிக் காலத்து இந்திய கிராமங்களை வைத்து 1996-ல் வெளியிட்டது. புது விதை வந்து விவசாயம் வேகமாக மாறின பகுதிகளில் ஆரம்பப் பள்ளி படித்த விவசாயிக்குப் படிக்காத விவசாயியைவிட அதிக லாபம் கிடைத்தது. மாற்றமே வராத பகுதிகளில் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. பசுமைப் புரட்சி நம்ம மண்ணுக்குச் செய்ததைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது. அப்பாரு செய்த வெள்ளாமையையே, அதே விதையில், அதே சந்தைக்குச் செய்தால் அப்பாரு அனுபவம் போதும். விதை மாறுது, சந்தை மாறுது, சட்டம் மாறுது என்றால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன்தான் நிற்பான். நம்ம காலம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கதையையே சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் கடன் வாங்கி ஐயாயிரம் கோழிக்கு ஒரு செட் போட்டேன். பல்லடத்துக்காரர்களுக்கு ஒப்பந்த முறை புதுசு இல்லை. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. செட், தண்ணி, கரண்ட், மஞ்சு, ஆள்கூலி நம்மோடது. நாப்பது நாப்பத்தஞ்சு நாளில் ரெண்டு கிலோ வந்ததும் பிடித்துக்கொண்டு போவார்கள். நமக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அந்தக் கூலி போதாது என்று பண்ணைக்காரர்கள் எத்தனை தடவை போராடியிருக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். என் ஒப்பந்தம் நாலு பக்கம், பூராவும் இங்கிலீஷ். சூப்பர்வைசர் தம்பி விரலை வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி பேர் இங்கே வேண்டாம்.

ஒரு பேட்சில் கூலி குறைந்து வந்தது. கேட்டதற்கு "எஃப்.சி.ஆர். ஏறிப்போச்சுங்க" என்றார்கள். ஒரு கிலோ கறி ஏற எத்தனை கிலோ தீவனம் தின்றது என்கிற கணக்கு அது. ஏறினால் கூலியில் பிடிப்பார்கள். சரி, கோழி தின்றுவிட்டது போல என்று இருந்துவிட்டேன். பி.காம். ரெண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்த என் மகள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "தீவனம் எத்தனை மூட்டை வந்துச்சு, எத்தனை மூட்டை திருப்பி அனுப்புனீங்கப்பா?" என்று கேட்டாள். நான் சுவரில் மாட்டிய காலண்டரில் பால் கணக்கோடு சேர்த்து மூட்டைக் கணக்கும் குறித்து வைத்திருந்தேன். ரெண்டையும் வைத்து உட்கார்ந்து ஒத்துப் பார்த்தாள். மீதியாகி நான் திருப்பி ஏற்றிவிட்ட எட்டு மூட்டை அந்தத் தாளில் கழியவே இல்லை. மூட்டை ஐம்பது கிலோ. நானூறு கிலோ தீவனத்தை என் கோழி தின்றதாக எழுதியிருந்தது. அதனால் 1.65 என்று வந்திருக்க வேண்டிய கணக்கு 1.69 ஆகிவிட்டது. 9,500 கிலோ கோழிக்குக் கிலோவுக்கு ஐம்பது பைசா பிடித்திருந்தார்கள். மொத்தம் 4,750 ரூபாய். காலண்டரைக் கழட்டி எடுத்துக்கொண்டு நேரில் போனோம். அடுத்த பேட்ச் கணக்கில் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அது சின்னக் காசு. அன்றைக்கு ராத்திரி மகள் ஒப்பந்தம் நாலு பக்கத்தையும் தமிழில் படித்துச் சொன்னபோதுதான் பெரிய ஓட்டை தெரிந்தது. வருஷத்துக்கு எத்தனை பேட்ச் குஞ்சு விடுவார்கள் என்று அதில் எங்கேயும் இல்லை. எப்போது விடுவது என்பது கம்பெனி இஷ்டம். சூப்பர்வைசர் தம்பி வாயால் சொன்னது ஆறு. அந்த ஆறை நம்பித்தான் பேங்கில் கடன் வாங்கினேன். வந்தது வருஷத்துக்கு நாலு. குஞ்சு வராத மாசத்திலும் பேங்க் தவணை வந்து நின்றது. நான் நட்டப்பட்டது கோழி செத்ததால் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டதால். அந்த மகளைப் பன்னிரண்டாவதோடு நிறுத்தச் சொல்லி, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு காலேஜு" என்று சொந்தத்தில் எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? நானும் பாதி மனசாக இருந்தேன். அவங்க அம்மா பிடிவாதத்தில்தான் காலேஜ் போனாள். கடன் கட்டி முடித்ததும் ஒப்பந்தத்தை விட்டேன். இப்போது அந்தச் செட்டுக்குள் வெதை வெங்காயம் பட்டறை போட்டிருக்கிறேன். ஒரு மூலையில் நாட்டுக்கோழி அடைகிறது.

விசைத்தறி வைத்திருக்கிறவர்கள் கதையும் இதுதான். பாவும் ஊடை நூலும் கொடுப்பவர் வேறு, கூலிக்கு நெய்பவர் வேறு. கூலி உயர்வு ஒப்பந்தம் எழுத்தில் வந்து, அது கைக்கு வராமல் பல்லடத்திலும் சோமனூரிலும் தறியை நிறுத்திப் போராடியதை எல்லாம் பார்த்தோம். உழைப்பு எல்லாப் பக்கமும் இருக்கிறது. தாளை எழுதுகிறவர் பக்கம்தான் காசு சேர்கிறது.

நம்ம இயக்கத்துக்கும் இது பொருந்தும். மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் உயர்ந்தது ஒரு வெள்ளாமைக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டுப் பார்க்கத் தெரிந்ததால்தான் அந்தத் தலைமுறை ரோட்டுக்கு வந்தது. கணக்குத் தெரியாதவனுக்குத் தன் பையில் இருந்து எடுக்கிறார்கள் என்பதே தெரியாது.

"நம்மாழ்வார் அய்யாவே படிப்பு வேண்டாம்னு வேலைய விட்டுட்டு வந்தவர்தானே" என்று சிலர் சொல்வார்கள். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பட்டம் படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, 1969-ல் அதை விட்டு வெளியே வந்தவர். உள்ளே இருந்து படித்துப் பார்த்ததால்தான் அது எங்கே தப்பு என்று அவரால் அடித்துச் சொல்ல முடிந்தது.

மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். காயத்துக்கு மஞ்சள் பத்துப் போட நம்ம அமுச்சிக்குத் தெரியும். 1995-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அதையே தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வாங்கிவிட்டது. நம்ம நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு, சி.எஸ்.ஐ.ஆர்., எதிர்த்து வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. எப்படி? பழைய ஏடுகளையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் காட்டித்தான். கோடி அமுச்சிகளுக்குத் தெரிந்திருந்ததைக் காப்பாற்ற யாரோ எழுதி வைத்த தாள் தேவைப்பட்டது. அறிவு நம்மோடதாக இருந்தால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

இதற்காக இப்போது நடக்கிற படிப்பைத் தலையில் தூக்கி வைத்து ஆடச் சொல்லவில்லை. நிலத்தை விற்று இஞ்சினியரிங் படிக்க வைத்து, பையன் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரத்துக்கு உட்கார்ந்திருப்பதை நம்ம ஊரிலேயே பார்க்கிறோம். நிலமும் போய், படித்த வேலையும் இல்லாமல் நிற்கிறவர்கள் அவர்கள். மண்ணைத் தொடுவது கேவலம் என்று பிள்ளைக்குப் புகட்டுகிற பள்ளிக்கூடத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்துக்காகப் பிள்ளையை எழுத்தறியாமல் விட்டால் நட்டம் நமக்குத்தான்.

ஆகவே மச்சான், அன்றைக்குச் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன்.

நிலத்தை விற்க வேண்டாம். ஒன்றரை ஏக்கர் போனால் திருப்பி வாங்க உங்க பையன் சம்பளம் காணாது. பையனை நிறுத்தவும் வேண்டாம். அவன் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2021-லிருந்து பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலான படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணம் அரசாங்கமே கட்டுகிறது. அது இல்லை என்றால் கல்விக் கடனுக்குப் பேங்கில் கேளுங்கள். நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. இஞ்சினியரிங்தான் என்று இல்லை. வீட்டிலிருந்து போய் வருகிற தூரத்தில் பி.காம்., பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாமே படிப்புத்தான். எதைப் படித்தாலும் சனி ஞாயிறு தோட்டத்தில் இருக்கட்டும். மம்பட்டி பிடிக்கிற கையும் பேனா பிடிக்கிற கையும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் நாலு ஏக்கர் மிஞ்சும்.

ஏனென்றால் இயற்கை விவசாயத்துக்கும் இன்றைக்குத் தாள் வேண்டும். அங்ககச் சான்று வாங்கினால் ஆண்டுப் பயிருக்கு ரெண்டு வருஷம், தென்னை மாதிரி நீண்டகாலப் பயிருக்கு மூன்று வருஷம் மாறுதல் காலம். அத்தனை நாளும் என்ன இட்டோம், எங்கே வாங்கினோம், எவ்வளவு விளைந்தது என்று பண்ணைப் பதிவேடு எழுத வேண்டும். பி.ஜி.எஸ். முறையில் அஞ்சு பேர் சேர்ந்து குழு வைத்தாலும் பதிவேடு உண்டு. எங்கள் குழுவில் மருந்தடிக்காமல் பதினைந்து வருஷமாக வெங்காயம் போடுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வெங்காயத்துக்கு நிகர் கிடையாது. ஆனால் எழுத மாட்டார். அதனால் வியாபாரி சொல்கிற சாதா விலைக்கே போட்டுவிட்டு வருகிறார். இந்த வருஷம் அவர் பேத்தி, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை, தாத்தா சொல்லச் சொல்ல நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறது.

படிப்பு ஒருவனைப் பணக்காரன் ஆக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். நம்ம உழைப்பில் மற்றவன் பணக்காரன் ஆவதைத் தடுக்க அது இல்லாமல் முடியாது. இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யுங்கள். பீரோவில் இருக்கிற கோழி ஒப்பந்தமோ, பேங்க் கடன் தாளோ, பயிர்க் காப்பீட்டுத் தாளோ, ஏதாவது ஒன்றை எடுத்து, படிக்கிற பிள்ளையை உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். புரியாத வரியில் கோடு போடுங்கள். அந்தத் தாளை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம்.